காவல் கல்லூரியும் எங்கள் லயத்துக் குற்றவாளிகளும்

எழுபத்தொன்பதாம் ஆண்டு எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், கைதாகாத வீடே இல்லை. குடை திருடியதற்காக என்னைப் பிடித்தார்கள். கோயில் சேவலைத் திருடியதற்காகப் பூசாரியின் மனைவி அம்மாக்கண்ணுவைப் பிடித்தார்கள். கலகம் செய்தார்கள் என்று கொழுந்து கொய்யும் பெண்களில் ஒரு நிரையையே பிடித்தார்கள். பிடித்தார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பிடித்தது ஒருத்திதான், என் பக்கத்து வீட்டு நவமணி. அவள் அப்போது போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் திருட்டு என்ற பேச்சே கிடையாது. நாங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. திருட என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் அதே ஈயப் பானை, அதே மண்ணெண்ணெய் அடுப்பு, மலைக்குளிரில் என்றைக்கும் காயாத அதே கம்பளி. திருடக் கிளம்புகிறவன் தன் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட இடத்தைக் கேமரன் மலையிலேயே பெரிய குற்றவாளிக் கூடாரம் என்று பெயர் வாங்க வைத்தது ஒரு கல்லூரி. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்லப் போகிறேன்.

நவமணியின் அப்பா தாப்பா ரோட்டில் லோரி கவிழ்ந்து இறந்து போனார். அம்மா பாஞ்சாலை தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்து மகளை மூன்றாம் பாரம் வரை படிக்க வைத்தாள். நான் தேயிலை ஆலையில் வேலை செய்கிறவன், வேலப்பன். என்னை அவள் அண்ணே என்பாள், மகள் மாமா என்பாள். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும்.

தோட்டத்துச் சட்டம் ரொம்பச் சின்னது. வேலை உள்ளவருக்கு வீடு உண்டு, வேலை முடிந்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாஞ்சாலைக்கு ஐம்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடக் கடைசியோடு வேலை முடிகிறது. மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு இறங்கினால் வீடு தங்கும். இல்லையென்றால் இருவரும் பானை சட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

"எம் முதுகு வளைஞ்சது போதும்ணே" என்றாள் பாஞ்சாலை. "அவளாச்சும் நிமிந்து நிக்கட்டும்."

நவமணிக்கும் வேறு ஆசை இருந்தது. ஒரு முறை தாப்பா பஸ் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் ஒற்றைக் கையைத் தூக்கி மர லோரியை நிறுத்தியதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. அதோடு போலீஸ்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, தாயாரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ரிங்லெட் டவுனில், உரக்கடை மேல்மாடியில், ஒரு பலகை தொங்கியது: மலைநாட்டுக் காவல் அறிவியல் கல்லூரி. இங்கே படித்தால் நேராகப் போலீஸ் வேலை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கட்டணம் எங்கிருந்து வந்தது என்பது பாஞ்சாலையின் வெறுங்காதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கல்லூரியின் முதல்வர் பெயர் நாகரத்தினம். முதல்வர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கமாண்டர் என்று சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்குப் பெற்றோர் எல்லாரும் வர வேண்டும் என்றதால் பாஞ்சாலை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோழி எரு நாற்றம் அடிக்கிற படிகளில் ஏறிப் போய் உட்கார்ந்தோம்.

"பெரியோர்களே, பெற்றோர்களே" என்று கமாண்டர் தொடங்கினார். "காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக ஒரு தோட்டத்து வாசலில் காவல் நின்றேன். நான் நின்ற எட்டு மாதமும் ஒரு கம்யூனிஸ்டு கூட அந்த வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? எண்ணிப் பாருங்கள். அந்த அனுபவம் முழுவதையும் உங்கள் பிள்ளைகளுக்கு அள்ளி வழங்கப் போகிறேன்."

நாங்களும் எண்ணிப் பார்த்தோம். அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் பாதையே கிடையாது, ஆறுதான் இருக்கிறது என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சொன்னார். அவரும் அங்கே நின்றவராம். கை தட்டுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

முதல் பருவம் முழுவதும் சலாம் வைப்பதுதான் பாடம். கமாண்டருக்கு இன்சூரன்ஸ் வேலையும் இருந்ததால் பாதி நாள் கல்லூரிக்கு வர மாட்டார். அவருடைய தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போவார். மாணவர்கள் வரிசையாகப் போய் நாற்காலிக்குச் சலாம் வைத்துவிட்டு வர வேண்டும். மழை நாளில் தொப்பியும் வராது, அப்போது வெறும் நாற்காலிக்கு. நவமணிக்கு அதில் நல்ல மார்க்.

அடுத்தது விசில். அதன் தோற்றமும் வளர்ச்சியும் என்று ஒரு மாதம் நடத்தினார்கள். கல்லூரியில் இருந்ததே ஒரு விசில்தான், அதுவும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் உதட்டைக் குவித்துச் சத்தம் வராமல் ஊதிப் பழகினார்கள். பிறகு சந்தேகப் பார்வை என்று ஒரு பாடம். நவமணி அதை எங்கள் மேல்தான் பழகினாள். சோற்றில் கை வைத்தால் நிமிர்ந்து பார்க்கிறாள், குளித்துவிட்டு வந்தால் பார்க்கிறாள். என் மனைவி ஒரு நாள் தாங்க முடியாமல், "சீனி டப்பாவுல கொஞ்சம் எடுத்தேன் நவமணி, உங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

துரத்திப் பிடித்தல் வகுப்பைத் தேயிலைச் சரிவில் வைத்தார்கள். கமாண்டர் கை காட்டியதும் ஒரு பாதி ஓட வேண்டும், மறு பாதி துரத்த வேண்டும். ஓடத் தொடங்கியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. யார் ஓடுகிறார், யார் துரத்துகிறார் என்று தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த கருப்பையா என்ற பையன் அப்படியே வீட்டுக்கு ஓடிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். தப்பித்தவன் அவன் ஒருவன்தான் என்று அவனுக்கு முதல் மார்க் கிடைத்தது.

போக்குவரத்துப் பாடத்துக்கு நவமணியைக் கோலா தெர்லா ரோட்டில் நிறுத்தினார்கள். அவள் தாப்பாவில் பார்த்தபடியே ஒற்றைக் கையைத் தூக்கினாள். காய்கறி லோரி நின்றது. அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

லோரிக்காரர் தலையை நீட்டி, "எங்க தங்கச்சி போகணும்? ஏறிக்கோ லா" என்றார்.

"இல்லண்ணே, நிறுத்தத்தான் நிறுத்துனேன்."

"நிறுத்திட்டேன்ல. ஏறு, குளுருது."

மரியாதைக்கு மறுக்க முடியாமல் அவள் ஏறிவிட்டாள். இறங்கும்போது இரண்டு கோசு கொடுத்து அனுப்பினார். கமாண்டர் மார்க் போட்டார். லோரியை நிறுத்தியதற்கு மார்க், லோரியில் ஏறியதற்குக் கழிவு. கோசுகளை மேல்விசாரணைக்காகத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இதுவரை எல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டது. படிப்பு முடிகிற சமயத்தில்தான் வினை வந்தது. செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவரும் உண்மையான குற்றவாளிகளைக் கைது செய்து கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கமாண்டர் அறிவித்தார்.

நவமணி எழுந்து, "எங்க தோட்டத்துல திருடன் இல்லீங்களே ஐயா" என்றாள்.

"குற்றம் இல்லை என்பது பிழையான பேச்சு" என்றார் கமாண்டர். "கண்டுபிடிக்கவில்லை என்று சொல். குற்றவாளி இல்லாமல் காவலர் இல்லை. ஆள் கொண்டு வராதவருக்கு டிப்ளோமா இல்லை."

அவள் ஒரு வாரம் தோட்டம் முழுவதும் சுற்றினாள். மாட்டுக் கொட்டகை, ஆலை, கோயில் எல்லாவற்றின் பின்னாலும் ஒளிந்திருந்து பார்த்தாள். ஒருவனும் எதையும் எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் யாரோ தவறவிட்ட ரிப்பனை எடுத்தாள், எடுத்துக்கொண்டு நேராக நவமணியிடமே வந்து உடையவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னாள். அன்றைக்கு நவமணி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். டிப்ளோமா போனால் போலீஸ் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், அவளுடைய கணக்கு அதுதான்.

பாஞ்சாலை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"திருடன்தான வேணும்? நான் வர்றேன்."

"நீ என்னாத்தம்மா திருடுன?"

"எதத் திருடணும், சொல்லு."

சொல்லிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, உங்க வீட்டு அகப்பைய நான் திருடிட்டேன். பொண்ணு வந்து கேட்டா காணோம்னு சொல்லுங்க."

"எடுத்துக்க தங்கச்சி. அத எதுக்குத் திருடுற?"

"எடுத்துக்கன்னு சொன்னா கேசு நிக்காதுண்ணே. தயவு செஞ்சி காணோம்னு சொல்லுங்க."

மறுநாள் தாயைக் கைது செய்து பஸ்ஸில் ஏற்றினாள் மகள். கல்லூரியில் கைவிலங்கு கிடையாது என்பதால் கூடைக் கயிற்றால் கட்டியிருந்தாள். ரிங்லெட் பாதை வழுக்கும் என்று அந்தக் கட்டின கையாலேயே பாஞ்சாலை மகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டவுனுக்குப் போகிறோமே என்று தலை சீவிப் பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். அதைப் பார்த்த கமாண்டர், அலங்காரம் செய்துகொண்டு திருடியிருப்பதால் இது திட்டமிட்ட குற்றம் என்று எழுதிக்கொண்டார். பிறகு, ஒரு திருட்டு போதாது, குற்றத்தில் வகைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

விஷயம் தங்கையா கங்காணி காதுக்குப் போனது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரையும் நிற்க வைப்பதைப் பெரட்டு என்போம். அன்று பெரட்டில் யார் எந்த மலைக்குப் போவது என்று சொல்லி முடித்துவிட்டு, தங்கையா தொண்டையைச் செருமினார்.

"நம்ம பாஞ்சாலை மவ பரீட்சைக்கி ஆளு வேணுமாம். இன்னிக்கி யாரு போறீங்க?"

"போனா பேர் உண்டா?" என்று ஒரு குரல் கேட்டது. பேர் என்றால் அன்றைய நாள் வேலை செய்ததாகக் கணக்கு.

"அரைப் பேர் போட்டுக்கலாம். ஆஸ்பத்திரிக்கிப் போனதாச் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுபோல ஆளுக்கொரு குற்றத்தோடு கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஜனங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உதவி என்று இறங்கினால் அளவு தெரியாது. சேவலைத் திருடியதாகப் போன அம்மாக்கண்ணு, படிக்கிற பிள்ளைக்குக் கூட ரெண்டு மார்க் கிடைக்கட்டும் என்று, போன வருடம் கோயில் உண்டியலையும் உடைத்ததாகச் சொல்லிவிட்டு வந்தாள். பூசாரி இன்றைக்கும் அவளிடம் அது உண்மையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என் சொந்தக் குடையைத் திருடினேன். யாருடைய குடை என்று கமாண்டர் கேட்டபோது என்னுடையதுதான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நவமணி என்னைப் பார்த்த பார்வையில் தோட்டத்து மேனேஜர் துரையுடையது என்று சொல்லி வைத்தேன். கமாண்டர் எல்லாவற்றையும் நல்ல பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பட்டமளிப்பு விழாவை எங்கள் தோட்டத்து மண்டபத்திலேயே வைத்தார்கள். துரைதான் தலைமை. புதிதாகக் கோலாலம்பூரிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி சின்னையா அவர் காதோரம் நின்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் பெருமையோடு அறிவிக்கிறேன்" என்றார் கமாண்டர். "எங்கள் கல்லூரி தொடங்குவதற்கு முன் இந்தத் தோட்டத்தில் ஒரு குற்றம் கூட நடந்ததில்லை. இன்று பாருங்கள், திருட்டு, உண்டியல் உடைப்பு, கலகம், எது வேண்டுமானாலும் இருக்கிறது. ஒரே ஆண்டில் இவ்வளவு வளர்ச்சி எந்தக் கல்லூரிக்கும் கிடைத்ததில்லை. பிடிபட்டவர்கள் அனைவரும் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்."

நாங்கள் பலமாகக் கை தட்டினோம். கிராணி மொழிபெயர்த்து முடித்ததும் துரை தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

டிப்ளோமாவை எடுத்துக்கொண்டு நவமணி தாப்பா போலீஸ் நிலையத்துக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த மலாய் சார்ஜெண்ட் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். டிப்ளோமாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலீசில் சேர்ந்தால் பயிற்சியை நாங்களே கொடுப்போம், இந்தத் தாள் எதற்கும்மா என்றார். மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, கூப்பிடுவோம், ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்றார். எழுந்து வரும்போது இவள் பழக்கத்தில் ஒரு சலாம் வைத்தாள். சார்ஜெண்ட் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். இவள் அவருடைய நாற்காலிக்கு வைத்திருந்தாள்.

நவமணி டிப்ளோமாவைச் சுருட்டிப் பிடித்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். ரிங்லெட் வந்ததும், "ஒரு வருசத்துக்கு அம்மாவ எங்க வச்சிக்கிறது மாமா?" என்றாள். எனக்கு அந்தக் கமாண்டரை நாற்காலியோடு தூக்கி ரிங்லெட் அணையில் போட வேண்டும்போல இருந்தது.

தோட்டத்துக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. இத்தனை குற்றவாளிகளுக்கு நடுவில் தூக்கம் வரவில்லை என்று துரை தோட்டத்துக் காவலைக் காண்ட்ராக்டில் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். நவமணியைக் காவலராகப் போட்டார்கள். ஆனால் அவள் கல்லூரி ஆள், தோட்டத்து ஆள் இல்லை, அதனால் அவள் வேலைக்கு லயத்தில் வீடு கிடையாது. ஆனால் லாக்கப் உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரை, ஒழுகாத தகரம், கரண்டு விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். குழாய் கேட்டு நாங்கள் மூன்று துரைகளுக்கு மனு எழுதியிருக்கிறோம், லயத்துக்கு இன்னும் வரவில்லை.

லாக்கப் விதிகளைக் கமாண்டர் பெரட்டில் படித்துக் காட்டினார். கைதி அரசாங்கத்தின் விருந்தாளி போன்றவர். மூன்று வேளைச் சாப்பாடு தோட்டத்துச் செலவில் கொடுக்க வேண்டும். துரை வழக்கை விசாரித்து முடிக்கும் வரை கைதியை வெளியே அனுப்பக் கூடாது. இதெல்லாம் சட்டப்படி செல்லுமா என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் துரை கையெழுத்துப் போட்டால் செல்லும்.

வருடக் கடைசி வந்தது. பாஞ்சாலைக்கு வேலை நின்றது. வேறு சிலருக்கு ஆறு மாதம் தவணை கொடுத்த கிராணி, இவளுக்குக் கையை விரித்துவிட்டார். "திருட்டுக் கேசு இருக்கிறவங்களுக்குத் தவணை இல்லன்னு துரை சொல்லிட்டாரு பாஞ்சாலை. மொத மொத மாட்டுனது நீதான், புத்தகத்துல மேல உம் பேருதான் இருக்கு."

காலி செய்ய வைக்கும் பொறுப்பு காவலருடையது. காவலர் நவமணி. அவள் சீருடையோடு சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். கமாண்டர் பக்கத்தில் நின்று, "வெளியேற்றும் முறை. முதலில் சலாம்" என்றார். மகள் தாய்க்குச் சலாம் வைத்தாள். கை நெற்றியிலேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. நான் என் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே ஓடிப் போய்விட்டாள்.

பாஞ்சாலை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். "செய்யிம்மா" என்றாள். "நீ செய்யலன்னா உன் வேலையும் போயிடும். நான் எங்கியாச்சும் போயிக்கிறேன்."

"எங்க போவ?"

பாஞ்சாலை ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

நவமணி கையை இறக்கினாள். "அம்மா, காலி பண்ண முடியாதுன்னு சொல்லு."

"ஏம்மா, பண்றேனே. மூட்டல்லாம் கட்டிட்டேனே."

"முடியாதுன்னு சொல்லும்மா."

பாஞ்சாலை கமாண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, கேட்டது மகளாயிற்றே என்று, மெதுவாக, "முடியாது" என்றாள்.

"காவலர் வேலைக்கு இடைஞ்சல் செஞ்சதுக்காக உன்னைக் கைது செய்யறேன்" என்றாள் நவமணி. "இந்த மூட்ட, பான, சாமி படம் எல்லாம் தடயம். மாமா, ஒரு கை புடிங்க, லாக்கப்புக்குத் தூக்கணும்."

நான் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டேன். தடயம் நல்ல கனம். கமாண்டருக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. காண்ட்ராக்டின் முதல் கைது என்று அங்கேயே நின்று ஒரு சொற்பொழிவு செய்தார். பெற்ற தாயென்றும் பாராமல் கடமை செய்தவள் என்று நவமணியைப் புகழ்ந்தார். நாங்கள் அவரைக் கடந்து பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அன்று பாஞ்சாலை குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, அரை மணி நேரம் அங்கேயே நின்றாளாம்.

வழக்கை விசாரிக்கத் துரைக்கு நேரமே கிடைக்கவில்லை. பொங்கல் முடிந்ததும் தங்கையா கங்காணி லாக்கப் வாசலுக்கு வந்தார். முப்பது வருடம் பெரட்டில் எங்களை மிரட்டிய மனிதர், தலைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் இந்த மாசத்தோட முடியுது நவமணி. புள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர்ல. என்னா குத்தம் செஞ்சா நல்லது?"

"நாள் கூட இருக்கணுமா மாமா?"

"கொஞ்சம் கூடவே இருக்கட்டும்லா."

அவருக்குக் கலகம் போட்டாள். அதற்குப் பிறகு வேலை முடிகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கிழவர்களும் கிழவிகளும் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குற்றம் செய்ய வந்தார்கள். இடம் போதவில்லை. லாக்கப் நிறைவது காவலின் வெற்றி என்று கமாண்டர் எழுதிப் போட, துரை இன்னும் நாலு அறைக்கு உத்தரவு கொடுத்தார்.

அடுத்த ஆண்டு வைகாசியில்தான் போலீசிலிருந்து நவமணிக்கு அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் பயிற்சி, உடனே வந்து சேர வேண்டும். லயமே சந்தோஷப்பட்டது. ஆனால் அதே வாரத்தில் துரைக்கு மாற்றல் வந்தது. போகிற நேரத்தில் ஒரு புண்ணியம் செய்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. லாக்கப்பில் உள்ள எல்லாருடைய வழக்கையும் ஞாயிற்றுக்கிழமை விசாரித்து, மன்னித்து, விடுதலை செய்யப் போவதாக அறிவித்துவிட்டார். நவமணிக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கப் பயிற்சி முடிய வேண்டும், வேலையில் அமர வேண்டும். அது வரை தாய் எங்கே இருப்பாள்?

"நான் போகலம்மா" என்றாள் நவமணி. "எழுதிப் போட்டுடறேன்."

"மண்டையில அடிப்பேன்" என்றாள் பாஞ்சாலை. "நீ பெட்டியக் கட்டு."

ஞாயிற்றுக்கிழமை கேட்டடியில் மேசை போட்டு, மேசைமேல் மலர்க் கொத்து வைத்து, துரை உட்கார்ந்தார். கைதிகள் வரிசையாக நின்றார்கள். கோலாலம்பூருக்குப் போகும் பெட்டியோடு நவமணி ஓரமாக நின்றாள். கமாண்டர் மன்னிப்பின் மகிமை பற்றிப் பேசி முடித்தார். கிராணி சின்னையா முதல் பெயரைக் கூப்பிட்டார்.

பாஞ்சாலை முன்னே வந்தாள்.

"துரை உன்ன மன்னிச்சிட்டாரு பாஞ்சாலை. இனிமே ஒழுங்கா இருப்பேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடு."

"இருக்க மாட்டேங்க" என்றாள் பாஞ்சாலை.

கிராணி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். துரை என்ன என்று கேட்டார்.

"அகப்பைய நான்தான் திருடுனேன். காலி பண்ண முடியாதுன்னு நான்தான் சொன்னேன். வெளிய விட்டீங்கன்னா மறுபடியும் திருடுவேன். கோயில்ல திருடுவேன், ஆலையில திருடுவேன், துரை பங்களாவுலயும் திருடுவேன். எனக்கு மன்னிப்பு வேணாம்னு சொல்லுங்க."

வாழ்நாளில் அடுத்தவர் வீட்டு உப்பைக் கூடக் கேட்காமல் எடுக்காதவள் அவள். பின்னாலிருந்து தங்கையா கங்காணி, "நானும் கலகம் பண்ணுவேங்க" என்றார். வரிசை முழுவதும் ஆளுக்கொரு குற்றத்தைச் சத்தியம் செய்து சொல்லத் தொடங்கியது.

கிராணி எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். துரையின் முகம் சிவந்துவிட்டது. மேசையைத் தட்டி ஏதோ கடகடவென்று சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுங்க திருந்தாத ஜென்மம்னு சொல்றாரு. சாகுற வரைக்கும் எல்லாரும் உள்ளயே கெடக்கட்டுமாம். உயிர் போற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய விடக் கூடாதாம்."

பாஞ்சாலை மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைக்குக் கிட்டே போய், துரைக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போவீங்களா துரை?"